எங்கள் ஞாயிறு கூட்டமும் பகிர்வு நாட்காட்டியும்

வேறொரு வாசிகசாலையில் வேலை செய்கிற நண்பர் கேட்டார், நாங்கள் பாவிக்கிற, ஒருவர் போடும் கூட்டத்தை எல்லோருக்கும் அவரவர் நேரத்தில் காட்டுகிற பகிர்வு நாட்காட்டியைக் காசு கட்டி எடுக்கலாமா என்று. வசதிகள் எல்லாம் அவருக்குத் தெரியும். நான் நேர விசயத்தை மட்டும் சொல்கிறேன்.

பழைய சஞ்சிகைகளை யாழ்ப்பாணத்தில் ஸ்கான் செய்கிறோம். பிழை பார்ப்பது லண்டனில், பட்டியல் போடுவது ரொறன்ரோவில். ஞாயிறு தோறும் கூட்டம். அதை நாட்காட்டியில் போட்டவர் ரொறன்ரோ அண்ணை. அவருக்குக் காலை 8, எங்களுக்குப் பின்னேரம் 5.30.

நவம்பர் முதல் ஞாயிறு ரொறன்ரோவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். நாட்காட்டி அண்ணையின் 8 மணியை அசைய விடாது. எங்கள் கூட்டம் 6.30க்குப் போய்விடும். மணிக்கூட்டைத் தொடாத நாங்கள்தான் நேரம் மாறவேண்டும். அதுவும் மாரி மழையில், ஆறு மணிக்கு முன்னமே இருட்டுகிற மாதத்தில். ஸ்கான் செய்கிற பிள்ளைகள் சைக்கிளில் வருகிறவர்கள். அவர்களை மறித்து வைத்திருக்க எனக்கு மனம் வராது. மார்ச்சில் இன்னொரு கரைச்சல். ரொறன்ரோ இரண்டாம் ஞாயிறே மாறிவிடும், லண்டன் கடைசி ஞாயிறில்தான் மாறும். இடையில் லண்டன்காரர் வழக்கம்போல பகல் 1 மணிக்கு வருவார், கூட்டம் அவருடைய 12 மணிக்கே தொடங்கி முடிந்திருக்கும்.

கணக்கில் நாட்காட்டி ஒருநாளும் பிழைத்ததில்லை, அதையும் சொல்லவேண்டும். 1996 மே மாதம் இலங்கை மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே போனது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்பியது, 2006 ஏப்ரலில் பழையபடி கிரீனிச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு என்று வந்தது. 1998 தை மாதத்துத் திகதியைப் போட்டால் லண்டனுக்கும் எங்களுக்கும் 6 மணித்தியால வித்தியாசம் என்று சரியாகக் காட்டும். பார்த்தபோது உண்மையில் சந்தோசப்பட்டேன்.

ஆனால் அந்தக் காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. நாட்காட்டியில் இலங்கைக்கு இருக்கிற 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே நேரத் தெரிவுக்குள் அது இல்லை. வன்னியோடு ஒரு அலுவல் என்றால் புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுத்தான் ஒழுங்கு செய்யவேண்டியிருந்தது. நாட்காட்டி யாரையும் கேட்பதில்லை. முதலில் போட்டவரின் நேரம் எல்லோருக்கும் சட்டமாகிவிடும்.

போன மழைக்குப் பிறகு அண்ணையோடு கதைத்து, கூட்டத்தைக் கொழும்பு நேரத்தில் புதிதாகப் போட்டோம். இனி மாரியில் அவருக்குக் காலை 7. யோசிக்காமல் சம்மதித்தார்.

சரி, காசு கட்டலாமா? வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதே போதும். அந்தக் காசில் சைக்கிளில் வருகிற பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு வாங்குங்கள்.