சோறு சிவப்பு, அவகாடோ பச்சை

ஆபீஸ் தோழி நேற்று வாட்ஸப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, “நீ எடுத்தியேடி, அதே டெஸ்ட் இப்ப பாதி விலை. எடுக்கட்டுமா?” என்று கேட்டாள். பதில் எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. அதனால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

ஒரு குழாய் ரத்தத்தில் இருநூறு சொச்சம் சாப்பாட்டுச் சாமான்களுக்கு எதிரான ஐஜிஜியை (உடம்பு உண்டாக்கும் ஒரு வகை ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) பார்க்கும் பேக்கேஜ். எந்த லேப் என்று கேட்காதீர்கள், இந்த வகை எங்கே எடுத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவை விடியற்காலையில் தானே கண்டுபிடித்து வந்த தம்பி, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். என் கையில் அது சாதாரண விஷயம் இல்லை. ரிப்போர்ட்டும் சொன்ன நாளில் வந்தது. வழவழ தாள், கலர் கலராகப் பட்டைகள்.

அந்தக் கலர்தான் இன்றுவரை என் எரிச்சல். சிவப்பில் அரிசி, கோதுமை, முட்டை வெள்ளைக்கரு, பால், தயிர், எள். பச்சையில் அவகாடோ, கிரான்பெர்ரி, வான்கோழி, ஆர்ட்டிசோக். தினமும் தின்பதெல்லாம் ஆகாதாம், ஜென்மத்தில் வாயில் வைக்காததெல்லாம் ஆகுமாம். என் மளிகைச் சீட்டை வாங்கி அதற்கு ரத்தச் சிவப்பு அடித்து, பணமும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

பிறகு பார்த்த அலர்ஜி டாக்டர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. ஒரு பொருளை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கு எதிரான ஐஜிஜி ரத்தத்தில் இருப்பது இயல்பு, உடம்பு அதைப் பழகிக்கொண்டதற்கான அடையாளமாகக்கூட அது இருக்கலாம் என்றார். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஐஜிஜி4 (ஐஜிஜியிலேயே ஒரு வகை) பரிசோதனை வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லேயே அறிக்கை விட்டிருக்கிறது. கனடாக்காரர்களும் 2012-ல் அதையே சொன்னார்கள். என் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் ‘இது நோயைக் கண்டறிவதற்கானது அல்ல’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. சிவப்பை மட்டும் பெரிசாக அச்சடிக்கத் தெரிந்திருக்கிறது.

மீன் பக்கம் இன்னும் கொடுமை. சால்மன், காட், ட்ரவுட் எல்லாம் பச்சை. காசிமேட்டுக்கு நடக்கிற தூரத்தில் இருப்பவளுக்கு ட்ரவுட்! சங்கராவைக் காணோம், கிழங்கானைக் காணோம், நெத்திலியைக் காணோம். நான் டெஸ்ட்டுக்குப் போனதே ஒரு மீன் சமாச்சாரத்தால்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15-லிருந்து 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது) எங்கிருந்தோ வந்த கானாங்கெளுத்தியை வறுத்துத் தின்றேன். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிவந்து காந்தியது, தலைவலி வேறு. அது அலர்ஜியே இல்லையாம். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும், அலர்ஜி மாதிரியே முகத்தைச் சிவக்கவைப்பது அதுதான். அது உருவானபின் எவ்வளவு வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. கோளாறு மீனில் இருக்கும்போது என் ரத்தத்தில் தேடி என்ன கிடைக்கும்? அதே கானாங்கெளுத்தியைப் படகு வந்த கையோடு வாங்கி இப்போதும் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆவதில்லை.

இறால் கதை வேறு. தின்ற அரைமணிக்குள் தடிப்புத் தடிப்பாக வரும். இறால் அந்த ஐஜிஜி ரிப்போர்ட்டில் பச்சை! நல்ல வேளை, நான் நம்பவில்லை. டாக்டர் ரொம்ப நேரம் கேள்விதான் கேட்டார்: எவ்வளவு தின்றீங்க, எத்தனை நிமிஷத்தில் வந்தது, ஒவ்வொரு தடவையும் வருதா, அன்னைக்கு மாத்திரை ஏதாவது போட்டீங்களா. அப்புறம்தான் இறாலுக்கும் நண்டுக்கும் வீட்டுத்தூசி உண்ணிக்கும் தனித்தனியாக ஐஜிஇ டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ஐஜிஇ வேறு ஆன்டிபாடி, இந்த மாதிரி உடனே வரும் அலர்ஜிக்குக் காரணம் அதுதான். அந்த ஐஜிஇ அளவு 0.35 தாண்டினால் பாசிட்டிவ் என்பது வழக்கமான கணக்கு. எனக்கு இறால் நன்றாகவே தாண்டியிருந்தது. நண்டும் தாண்டியிருந்தது, ஆனால் நண்டு தின்றால் எனக்கு எதுவும் வருவதில்லை. அதனால் நண்டை நிறுத்தச் சொல்லவில்லை. ட்ரோபோமயோசின் என்ற புரதம் இறால், நண்டு, கரப்பான், தூசி உண்ணி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருப்பதால் ரத்தம் ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கும் கை தூக்குமாம். பாசிட்டிவ் என்பது மட்டுமே அலர்ஜி ஆகிவிடாது, தின்றால் என்ன ஆகிறது என்பதோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும். காகிதத்தைவிட என் பேச்சை அதிகம் நம்பிய டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஐஜிஜி ரிப்போர்ட்டுக்கு நியாயமும் செய்யவேண்டும். பால் சிவப்பு என்று பார்த்து டீயை நிறுத்தினேன், வயிற்று உப்புசம் போயே போச்சு. ஆனால் அதுவும் குருட்டு அதிர்ஷ்டம்தான். பாலில் இருக்கிற லாக்டோஸைச் செரிக்கும் நொதி எனக்குக் குறைவு. அது ஆன்டிபாடி விவகாரமே இல்லை, அதற்கு மூச்சில் ஹைட்ரஜன் பார்க்கும் டெஸ்ட் தனியாக இருக்கிறது. தயிரில் லாக்டோஸ் குறைவு, அது எனக்கு ஒத்துக்கொள்கிறது. ரிப்போர்ட் தயிரையும் சேர்த்தே பிடுங்கப் பார்த்தது.

என் அத்தைக்கு அந்தத் தாள் வேதவாக்கு. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தவரே அவர்தான். “அம்மாவுக்கு ஆகாதது பொண்ணுக்கு எப்படிடி ஆகும்?” என்று என் மகளின் மதிய டப்பாவிலிருந்து முட்டையை எடுத்துவிட்டார். தாளைக் கிழித்துப் போட்டும் பட்டியல் அவர் வாயில் இருக்கிறது. எள்ளுருண்டையைப் பார்த்தால் இன்னும் “சிவப்பு” என்கிறார். வளர்கிற பிள்ளைக்கு காரணமில்லாமல் முட்டையையும் பாலையும் நிறுத்தாதீர்கள் என்று டாக்டரே சொன்னபிறகுதான் முட்டை டப்பாவுக்குத் திரும்பியது. அதுவும் அரை முட்டை.

ஆகவே தோழி, குறிப்பிட்ட ஒன்றைத் தின்றால் குறிப்பிட்ட நேரத்தில் ஏதாவது வருகிறதென்றால் அதை எழுதி வைத்துக்கொண்டு டாக்டரிடம் போ. அவர் சொல்லும் ஐஜிஇ மட்டும் எடு. வெறும் வயிறு தேவையில்லை, செடிரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை போட்டிருந்தாலும் ரத்த டெஸ்ட்டுக்குப் பரவாயில்லை. தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டுக்குத்தான் மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தவேண்டும். உதடு வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது என்றால் எந்த டெஸ்ட்டையும் யோசிக்காமல் நேராக எமர்ஜென்சிக்கு ஓடு. வீட்டிலேயே ‘கொஞ்சமா தின்னு பாப்போம்’ வேண்டவே வேண்டாம்.

ஊசி போட்ட தம்பிக்கு ஐந்துக்கு ஐந்து. உப்புசம் போனதற்கு ஒன்று போடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலையும் அத்தை எள் சட்னியைத் தட்டில் தள்ளிவைத்ததைப் பார்த்த பிறகு ரிப்போர்ட்டுக்குப் பூஜ்யம்.