கோத்தகிரியில் ஓடும் 120 வோல்ட் டிவி: பல மழைக்காலம் பார்த்த பிறகு

அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்த தம்பி, வீட்டுச் சாமான்களோடு கப்பலில் அனுப்பிய 43 அங்குல எல்இடி டிவிதான் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடுகிறது. "அந்த ஊர் டிவி இங்கே ஓடுமா?" என்று இன்னும் கேட்கிறார்கள். நன்றாகவே ஓடுகிறது. என்ன செய்து ஓட்டுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். எங்களுடையதில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும்தான் இருந்தது. நம் லைன் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எல்இடி டிவியின் பவர் சப்ளை, வருகிற கரண்டை முதலில் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட் ஆக்கிவிடுவதால் ஹெர்ட்ஸ் வித்தியாசத்தை அது பொருட்படுத்துவதில்லை. டிவியைக் கொல்வது வோல்டேஜ்தான்.

அதனால் வோல்டேஜைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கிற 500 வாட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கோயம்புத்தூரில் வாங்கினோம். டிவி 100 வாட் அளவில்தான் இழுக்கும். தாராளமாக எடுத்ததால் மணிக்கணக்கில் ஓடினாலும் மேல்மூடி இளஞ்சூட்டோடு நின்றுவிடுகிறது. கையடக்கமாக, எடையே இல்லாமல் விற்கும் பயண கன்வெர்ட்டர்கள் பக்கம் போகாதீர்கள். அவற்றில் பல ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடேறும் சாமான்களுக்காகச் செய்தவை. இரும்பும் சுற்றுக்கம்பியுமாகக் கனக்கிற பெட்டிதான் டிவிக்கு. ராத்திரி வீடு அடங்கியபின் மெல்லிய ரீங்காரம் கேட்கும். டிவியை அணைத்தாலும் இது கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும், ஆகவே சுவர் சுவிட்சிலேயே நிறுத்திவிடுகிறோம்.

மலைவாசிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். பைக்காரா மின்நிலையம் 1932-லிருந்து ஓடுகிற மாவட்டம் இது. ஆனாலும் பனிக்கால மாலையில் வீட்டுக்கு வீடு ஹீட்டரும் கீசரும் போட்டால் எங்கள் தெருவில் வோல்டேஜ் படுத்துவிடுகிறது. டிரான்ஸ்பார்மருக்கு வோல்டேஜைச் சரிசெய்யத் தெரியாது, பாதியாக்க மட்டும்தான் தெரியும். 230 வந்தால் 115 கொடுக்கும். 170 வந்தால் 85. அந்த நேரத்தில் திரை ஒளிர்ந்து, அணைந்து, திரும்ப ஒளிரும். முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வைத்தபின் அந்தத் தொல்லை போயிற்று. வரிசை முக்கியம்: சுவர், ஸ்டெபிலைசர், டிரான்ஸ்பார்மர், டிவி. கரண்ட் திரும்பி வந்ததும் சில நிமிடம் தாமதித்துக் கொடுக்கிற டைமர் உள்ள ஸ்டெபிலைசராக வாங்குங்கள். ஆடி மாதக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போய்ப் போய் வரும்போது அதன் அருமை தெரியும். இடி இடித்தால் இதெல்லாம் போதாது, பிளக்கைப் பிடுங்கத்தான் வேண்டும்.

படம் வருவது தனிக்கதை. அமெரிக்க டிவியின் ட்யூனர் அந்த ஊர் ஒளிபரப்பு முறைக்கானது. இங்கே சேனல் தேடச் சொன்னால் ஒன்றும் சிக்காது. டிடிஎச் பாக்ஸை எச்டிஎம்ஐ வழியாகப் போட்டோம். பாக்ஸ் அனுப்புவது 50 ஹெர்ட்ஸ் படம். இது கரண்டின் ஹெர்ட்ஸ் இல்லை, விநாடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்ற கணக்கு. எங்கள் செட் அதை ஏற்கவே இல்லை. கடைசியில் கை கொடுத்தது 60 ஹெர்ட்ஸில் படம் தருகிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக். சினிமா, செய்தி எல்லாம் சுத்தமாக இருக்கிறது. கிரிக்கெட்டில் மட்டும் பவுண்டரிக்கு ஓடும் பந்தோடு கேமரா திரும்பும்போது படம் லேசாகத் தட்டுத்தட்டாக நகரும். என் வீட்டுக்காரருக்கு அது உறுத்துகிறது, எனக்குப் பழகிவிட்டது.

வாரண்டி இங்கே செல்லவில்லை. போர்டு போனால் அதே மாடலுக்கு உதிரிபாகம் கிடைப்பதும் கஷ்டம். அதனால் 120 வோல்ட் மட்டும் போட்ட டிவியை இதற்கென்று காசு கொடுத்து வாங்கி வர வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டுச் சாமானோடு வந்துவிட்டதா, தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. அந்தத் தட்டைப் பின் பிளக், நம் ஊர் யுனிவர்சல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கச்சிதமாக நுழைந்துவிடும். கூட்டிப் பெருக்குகிறவரோ விருந்தாளியோ மாற்றிச் செருகினால் 230 நேராக உள்ளே போகும். 120-க்கு மட்டும் செய்த சப்ளையில் பெரும்பாலும் 200 வோல்ட் வரை மட்டும் தாங்குகிற கெப்பாசிட்டர்தான் இருக்கும். நம் லைனை டிசி ஆக்கினால் உச்சம் 325 வரை வரும். எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணன் டிவி பிளக்கையும் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து டேப் சுற்றி, சிவப்பு மார்க்கரில் "கழற்றாதே" என்று எழுதிவிட்டு, "போர்டு வெடிச்சா நானும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க அக்கா" என்றார். அந்த டேப் லேசாக உரிந்தாலும் அன்றைக்கே புதிதாகச் சுற்றிவிடுகிறேன்.