மோர்பியிலிருந்து மதுரைக்கு டைல்ஸ்: லாரியா, ரயிலா, கப்பலா?

குஜராத்தின் மோர்பிக்கும் மதுரையில் உள்ள எங்கள் கடைக்கும் இடையே சாலை வழி 2,000 கிலோமீட்டருக்கும் மேல். பல ஆண்டுகள் லாரியிலேயே டைல்ஸ் வரவழைத்த நான், வழக்கமாக விற்கும் சரக்கு முழுவதையும் இப்போது கப்பல் கண்டெய்னருக்கு மாற்றிவிட்டேன். ஆகவே என் கணக்கு கப்பல் பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லாரியின் வேகம் எல்லாரும் அறிந்ததே: ஆறேழு நாளில் கிடங்கு வாசலில் நிற்கும். கப்பலில், ஆலையில் ஏற்றிய நாளிலிருந்து எண்ணினால், எனக்கு மூன்று வாரம் பிடிக்கிறது. முழு லோடுக்கு வாடகை கப்பலில் குறைவாகவே வந்திருக்கிறது.

இருந்தாலும் என்னை மாற வைத்தது உடைசல்தான். 600க்கு 1,200 மில்லிமீட்டர் டைல்ஸ் இரண்டு கொண்ட பெட்டி ஏறத்தாழ 28 கிலோ இருக்கும். வழியில் லாரி மாற்றி ஏற்றினால் ஒவ்வொரு பெட்டியும் கூடுதலாக ஒருமுறை இறங்கி ஏறும். மூலை தட்டுவது அங்கேதான். உடைந்ததன் விலையைப் பொறுத்துக்கொள்ளலாம், அதே ஷேடு மறுபடி கிடைக்காததைத்தான் பொறுக்க முடியாது. டிசைன் ஒன்றே என்றாலும் அடுத்த பேட்சில் நிறம் நூலிழை மாறிவிடும். ஒரு வீட்டுக் கூடத்துக்கு ஐந்து டைல்ஸ் குறைந்துபோய், பிறகு வரவழைத்த ஐந்தும் சாயங்கால வெயிலில் தனியாகத் தெரிந்ததால், கூடம் முழுவதற்கும் வேறு சரக்கு கொடுக்க நேர்ந்தது. கண்டெய்னரிலோ, ஆலை வாசலில் வைத்த சீல், காண்ட்லாவிலோ முந்த்ராவிலோ கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கி எங்கள் கிடங்குக்கு வந்த பிறகே உடைபடுகிறது. இடையில் பெட்டிகளை யாரும் தொடுவதில்லை. ஆனால் 20 அடி கண்டெய்னரில் 27 டன் ஏற்றியும் இடம் பாதிகூட நிறையாது என்பதால், பெட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தி இடைவெளியில் மரச்சட்டம் அடிக்காவிட்டால் கடலின் ஆட்டத்தில் வரிசையே சரியும். எனக்கு வந்த முதல் கண்டெய்னரில் கடைசி வரிசை கதவில் சாய்ந்து முட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து, கதவு மூடுமுன் உள்ளே எடுத்த படம் வராமல் நான் பணம் அனுப்புவதில்லை.

சிமெண்ட், உரம் போல ஒரே நிலையத்துக்கு 40 வேகன் நிறையச் சரக்கு உள்ளவர்களுக்கு ரயில் நன்றாகவே ஒத்துவரும். என்னைப் போன்றவர் கண்டெய்னர் ரயிலில் ஒன்றிரண்டு இடம் பிடிக்கலாம். நான் இருமுறைதான் அப்படி எடுத்திருக்கிறேன். உடைசல் குறைவு, இரண்டாம் முறை மட்டும் ரேக், அதாவது ஒரு ரயிலின் முழு வேகன் வரிசை, நிறையும்வரை சரக்கு காத்துக் கிடந்தது. இரண்டு லோடை வைத்து ரயிலுக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது.

கப்பலிலும் தொந்தரவு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேதிகள் தள்ளிப்போகும் என்பதால், அந்த மாதங்களுக்கான இருப்பை மே மாதமே இறக்கிவிடுகிறேன். காலிக் கண்டெய்னரைக் குறித்த நாளுக்குள் திருப்பாவிட்டால் நாள் வாடகை ஏறும். 950க்கும் மேற்பட்ட பெட்டிகளை ஒரே நாளில் இறக்க லோடுமேன்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வாடிக்கையாளர் அவசரமாகக் கேட்கும் புது டிசைனுக்கு இன்றும் லாரிதான். அதிலும் வழியில் வண்டி மாற்றக் கூடாது என்று புக்கிங்கின்போதே எழுதி வாங்கிக்கொள்கிறேன்.