ரோம் 2: இருபது இடத்தில் யாரை நிரப்புவது?

பழங்கால நாடு ஒன்றை ஆண்டு, படை திரட்டிப் போர் நடத்தும் கம்ப்யூட்டர் கேமான டோட்டல் வார்: ரோம் 2 வெளிவந்தது 2013 செப்டம்பரில். ஆரம்பகால பக் (நிரல் கோளாறு) கதைகளைப் பேசிப் பேசியே எல்லோருக்கும் அலுத்துவிட்டது. மறுவருஷம் வந்த எம்பரர் எடிஷன் என்ற திருத்திய பதிப்புக்குப் பிறகு ஆட்டம் தேறிவிட்டது என்பதோடு அதை விட்டுவிடலாம். பல வருஷமாக நான் அதிகம் ஆடுவது அலெக்சாண்டரின் நாடான மாசிடோனியாவை வைத்துத்தான். அதனால் இது கொஞ்சம் கிரேக்க வாடை அடிக்கும் ரிவ்யூ.

ஒரு படைக்குத் தளபதியையும் சேர்த்து 20 யூனிட் (படைப்பிரிவு)தான். கஜானாவில் காசு சேர்ந்ததும் பலர் செய்வது, இருபதையும் கனத்த காலாட்படையால் அடைப்பது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். இரு வரிசையும் முட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் எதிரியின் முதுகுப்பக்கம் போக ஆளில்லை என்று தெரியவரும். ஜெயித்தாலும் பாதிப் படை காலி.

என் கணக்கு: நடுவில் பைக்மேன் (மிக நீண்ட ஈட்டிக்காரர்கள்) 6, இருபுறமும் ஹாப்லைட் (கேடயமும் ஈட்டியும் ஏந்திய காலாட்கள்) இரண்டிரண்டு, கவண்காரர்கள் 4, குதிரை 5, தளபதி. பைக்மேனில் விலை குறைந்த லெவி (அவசரத்துக்குத் திரட்டிய ஆட்கள்) ரகமே போதும். ஃபாலங்ஸ் என்ற நெருக்கமான அணிவகுப்பில் ஈட்டியை நீட்டி நின்றுவிட்டால், முன்னாலிருந்து வருகிறவன் யாராக இருந்தாலும் திணறுவான். அவர்கள் கொல்ல வேண்டியதில்லை, பிடித்து வைத்தால் போதும்.

கொல்கிற வேலை மற்றவர்களுக்கு. கவண்காரர்களை முதலில் வரிசைக்கு முன்னால் விட்டு, மோதல் தொடங்குமுன் பின்வாங்கி, பக்கவாட்டில் சுற்றி அனுப்புவேன். முன்புறம் கேடயத்தில் பட்டுத் தெறித்த அதே கல், முதுகில் விழும்போது யூனிட்டின் எண்ணிக்கை மளமளவென்று சரியும். குதிரைக்கு முதல் இலக்கு எதிரியின் குதிரை, அடுத்து அவனுடைய வில்லாளிகள். அதன் பிறகுதான் காலாட்படையின் முதுகு. பாய்ந்து மோதியதும் உடனே வெளியே இழுத்து, தூரம் எடுத்து மறுபடி மோத வேண்டும். அங்கேயே நின்று வாள் வீச விட்டால் மாசிடோனியாவின் உயர்தரமான கம்பேனியன் குதிரைப்படை கூட வீண். இரண்டாவது மோதலில் பெரும்பாலும் எதிரி யூனிட்கள் ஓடத் தொடங்கியதைக் காட்டும் வெள்ளைக்கொடி பறக்க ஆரம்பித்துவிடும்.

வரலாறும் இதற்கு ஒத்துப்போவது எனக்குப் பிடிக்கும். கௌகமேலா போரில் (கி.மு. 331) அலெக்சாண்டர் பாரசீக வரிசையில் விழுந்த இடைவெளிக்குள் குதிரைப்படையோடு தானே புகுந்தார். பிட்னா போரில் (கி.மு. 168) மாசிடோனிய மன்னர் பெர்சியஸின் ஃபாலங்ஸ் மேடுபள்ளத்தில் ஒழுங்கு குலைந்து, அந்த இடுக்குகளில் ரோமானியர்கள் நுழைந்து வெட்டினார்கள். மாசிடோனியக் குதிரைப்படையோ பெரிதாகச் சேதமில்லாமல் களத்தைவிட்டே போய்விட்டது. ஆட்டத்திலும் பைக்மேன் தோற்பது இப்படித்தான்: பக்கத்தில் காவலில்லை, காப்பாற்றக் குதிரை வரவில்லை.

கோட்டை முற்றுகையில் இந்தப் படை சுமார்தான். மதில் ஏற வாள்காரர்கள் வேண்டும், ஐந்து குதிரையும் வெளியே வேடிக்கை பார்க்கும். அதனால் முற்றுகைக்குப் போகும்போது இரண்டு குதிரையைக் கழித்துவிட்டு வாள் சேர்ப்பேன். நகரத்தைத் தற்காக்கும்போது கதையே வேறு. குறுகலான தெருவை ஒரு பைக் யூனிட் அடைத்தால் எதிரி அங்கேயே குவிந்து சாவான். கொஞ்சம் ஏமாற்று வேலைபோலக்கூடத் தோன்றும்.

பெரிய குறை கம்ப்யூட்டர் எதிரியின் புத்தி. தளபதியை முன்வரிசைக்கே கொண்டுவந்து பலி கொடுக்கும், அவன் செத்ததும் மொத்தப் படையின் மனவுறுதியும் ஆட்டம் காணும். சண்டையும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இதற்கு ரசிகர்கள் உருவாக்கிய டிவைட் எட் இம்பெரா என்ற மோடை (ஆட்டத்தை மாற்றியமைக்கும் கூடுதல் நிரலை) போட்டுக்கொள்ளுங்கள். வரிசைகள் நெடுநேரம் தாங்கும், சுற்றிவளைக்க அவகாசம் கிடைக்கும். உணவு வழங்கல், மக்கள்தொகை என்று சேர்ந்துகொள்வதால், தோற்ற படையை அடுத்த டர்னிலேயே (ஆட்டச் சுற்றிலேயே) திரட்டிவிடவும் முடியாது. புதிதாக வாங்குகிறவர்கள் ஒரு கேம்பெயினாவது (முழு ஆட்டமாவது) மோட் இல்லாமல் முடித்துவிட்டு அந்தப் பக்கம் போவது நல்லது.