லாக்டேஸ் மாத்திரை: சில வருஷப் பழக்கத்தில் தெரிந்தது

கீழக்கரைக் கல்யாண வீட்டில் பால் பாயசத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. எனக்கோ பால் உள்ளே போனால் கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி இரைய ஆரம்பித்துவிடும். டாக்டர் சொல்லி லாக்டேஸ் மாத்திரை போட ஆரம்பித்துச் சில வருஷமாகிறது.

கேட்கிறதா என்றால், கேட்கிறது. ஆனால் நேரம் முக்கியம். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என்று இரண்டாக வெட்டினால்தான் அது ரத்தத்தில் சேரும். வெட்டுவது சிறுகுடலில் இருக்கும் லாக்டேஸ் நொதி. என்னிடம் அது குறைவு. வெட்டுப்படாதது பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்குத் தீனியாகி வாயு கிளம்புகிறது. அதனால் மாத்திரையும் பாலும் ஒன்றாகவே வயிற்றில் இருக்க வேண்டும். முதல் வாய்க்கு முன்னால் போட்டுவிடுவேன். வெற்றிலை போடும்போது போட்டால் வீண்.

வீட்டுப் பாலுக்கு எனக்குப் பிடித்தது மாத்திரை அல்ல, லாக்டேஸ் சொட்டு மருந்துதான். காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, சொட்டு விட்டு, ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். நொதி ஒரு புரதம், கொதிக்கும் பாலில் விட்டால் கெட்டுவிடும். மறுநாள் எவ்வளவு சுட வைத்தாலும் பரவாயில்லை, வேலை முடிந்திருக்கும். அந்தப் பாலில் டீ போட்டால் சீனி குறைவாகவே போதும், குளுக்கோஸுக்கு லாக்டோஸைவிட இனிப்பு அதிகம். இதைக் கேட்டதும் என் லாத்தா (அக்கா), "அப்போ என் சுகருக்கு நல்லதுதானே?" என்றார். இல்லை லாத்தா, சர்க்கரை உடைந்திருக்கிறது, குறையவில்லை.

பிரியாணி தின்று வயிறு கனத்தால் இதைத் தேடாதீர்கள். கறியின் புரதத்துக்குப் பெப்சினும் டிரிப்சினும், கொழுப்புக்கு லைபேஸ், சோற்றுக்கு அமைலேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நொதி. லாக்டேஸுக்குத் தெரிந்தது லாக்டோஸ் மட்டும். எங்கள் வீட்டில் இதை 'கேஸ் மாத்திரை' என்று எடுத்துப் போகிறவர்கள்தான் அதிகம், சொன்னாலும் கேட்பதில்லை. எங்கள் ஊர் இனிப்பான தொதலுக்கும் வேண்டாம், அதில் ஊற்றுவது தேங்காய்ப் பால். தயிர் கொஞ்சம் என்றால் மாத்திரை இல்லாமலே எனக்குத் தாங்கும், உறையும்போதே லாக்டோஸில் ஒரு பங்கு போய்விடுகிறது.

கடல் காற்றின் ஈரத்துக்கு டப்பா மாத்திரை சரிவராது, அட்டை நல்லது. வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் வைக்க வேண்டாம். இங்கே எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, ராமநாதபுரம் போகிறவர்களிடம் சொல்லி வாங்குகிறேன். நாளாக ஆக வீரியம் குறையும் என்பதால் மொத்தமாக வாங்கி அடுக்குவதில்லை.