கேப்ஸ் லாக் போட்டால் நின்றுபோகும் ஷார்ட்கட்: நெல் மண்டிக் கம்ப்யூட்டரோடு முப்பது வருஷம்

1992-ல் மாமா தன் நெல் மண்டிக்கு ஒரு பழைய எக்ஸ்.டி. கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், சாலையோரம், முன்னால் களம், பின்னால் குடோன். காலேஜில் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்துக்கொண்டிருந்தேன் என்ற ஒரே தகுதியில் கணக்குப் புரோகிராம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஜி.டபிள்யூ. பேசிக்கில் பேரேடு, அப்புறம் டர்போ சி என்ற இன்னொரு மொழிக்கருவியில் பில். பழைய டாஸ் புரோகிராமை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் தயவில் இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன. கூட்டல் கழித்தலில் எனக்கு வந்த தொல்லை குறைவு. என் தூக்கத்தைக் கெடுத்ததெல்லாம் விசைப்பலகை ஷார்ட்கட்தான்.

ஜி.டபிள்யூ. பேசிக்கில் முதல் அடி எஃப் 2 விசையில் விழுந்தது. மெனுவில் ஆர் (R) அடித்தால் ரிப்போர்ட், என் (N) அடித்தால் புது வரவு, எண்டர் தட்டினால் சேமிப்பு என்று வைத்திருந்தேன். சில நாள் பேரேட்டில் பெயரும் இல்லாமல் மூட்டையும் இல்லாமல் வெறும் வரவுகள் தோன்ற ஆரம்பித்தன. கணக்குப்பிள்ளை அய்யா தன் கை தவறவில்லை என்று சாதித்தார். உண்மையிலேயே தவறவில்லை. அவருடைய விரல் எஃப் 2 மேல் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பேசிக்கில் எஃப் 2 என்றால் 'ரன்' (RUN) என்ற சொல்லும் கூடவே ஒரு எண்டரும். அமுக்கிய விசையை வாங்கித் தரும் இன்கீ கட்டளை அதை ஒவ்வோர் எழுத்தாக என் மெனுவுக்கு ஊட்டிவிடும். ஆர் வந்து ரிப்போர்ட்டைத் திறந்தது, யூ வந்து 'ஏதாவது ஒரு விசை' என்ற வரியைக் கடந்தது, என் வந்து புது வரவு போட்டது, எண்டர் அதைச் சேமித்தும்விட்டது. நான்தான் 'கீ ஆஃப்' என்று புரோகிராமின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேனே! அது 25-ஆம் வரியில் தெரியும் பட்டியலை மட்டும்தான் மறைக்கும், விசையை அணைக்காது. பத்து விசைக்கும் தனித்தனியாக வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத சொல்) கொடுத்த பிறகுதான் எஃப் 2 ஒழுங்காக 0, 60 என்று இரண்டு எண்ணாக வந்தது. இந்தக் கட்டளைக்கு அப்படிப் பெயர் வைத்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அடுத்தது பெரிய கதை. அன்றைய மொத்தத் தொகையைக் காட்ட கண்ட்ரோல்-டி (T) என்று ஒரு ஷார்ட்கட் வைத்தேன். குறித்த விசை அமுங்கியதும் தானே விழிக்கும் 'ஆன் கீ' என்ற பொறியை வைத்து எழுதியது. என் வீட்டில் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தேன், பத்துத் தடவையும் வந்தது. மண்டியில் போட்ட மூன்றாம் நாள் அய்யா சொன்னார்: "காலைல வேலை செய்யுது தம்பி, பொழுது சாஞ்சா செய்ய மாட்டேங்குது."

கம்ப்யூட்டருக்கு என்ன ராகுகாலமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் புகார் நிற்கவில்லை. முதல் சந்தேகம் நெல்லின் அரிக்கும் தூசான சுணை மேல். சம்பா அறுவடை நேரத்தில் மண்டியில் உட்கார்ந்தால் கழுத்தெல்லாம் அரிக்கும், விசைப்பலகைக்குள் போகாமல் இருக்குமா? கவிழ்த்துத் தட்டினேன், பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டினேன். பயனில்லை. கடன் வாங்கி வேறு விசைப்பலகை மாட்டினேன். அதே கதைதான். பிறகு வோல்டேஜ் மேல் சந்தேகம். சாயங்காலம் பம்ப் செட்டெல்லாம் ஓட ஆரம்பித்தால் குண்டு பல்பு மஞ்சளாகிவிடும். மாமாவை நச்சரித்து ஸ்டெபிலைசர் வாங்க வைத்தேன். அதனால் டியூப் லைட் நன்றாக எரிந்தது, கண்ட்ரோல்-டி வரவில்லை.

கடைசியில் ஒருநாள் முழுக்க அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காலையில் எடைபோட்டு மூட்டைக்கணக்கு, எல்லாம் எண். சாயங்காலம் அன்றைய ஆட்களின் பெயர், ஊர்: ஐயம்பேட்டை, ராஜகிரி, கபிஸ்தலம். பெயர் அடிக்கத் தொடங்குமுன் அவருடைய இடது சுண்டுவிரல் போய் கேப்ஸ் லாக்கைத் தட்டியது.

"ஏன் அய்யா?"

"பேரு பெரிய எழுத்துல இருந்தாத்தான் மரியாதை தம்பி."

அங்கேதான் சிக்கல். ஆன் கீ பொறி இரண்டு எண்ணைப் பார்க்கும்: விசையின் ஸ்கேன் எண் (பலகையில் அந்த விசைக்கு உள்ள எண்), கூடவே அமுங்கியிருப்பவற்றின் கூட்டுத்தொகை. கண்ட்ரோலுக்கு 4. நம் லாக் (Num Lock) எரிந்தால் அதோடு 32 சேரும், கேப்ஸ் லாக் எரிந்தால் 64 சேரும். நான் 4 என்று மட்டும் எழுதியிருந்தேன். கேப்ஸ் லாக் போட்டதும் அது 68, பொறிக்கு அது வேறு விசை. இரண்டும் எரிந்தால் 100. ஆக ஒரு ஷார்ட்கட்டுக்கு 4, 36, 68, 100 என நான்கு பதிவு போடவேண்டும். அதற்கு பேசிக் கொடுத்த இடமோ 15 முதல் 20 வரை, ஆறே ஆறு. ஒரு ஷார்ட்கட்டுக்கு நாலு போனால் மிச்சம் இரண்டை வைத்து என்ன செய்வது?

புரோகிராமே கேப்ஸ் லாக்கை அணைத்துவிடட்டும் என்றும் பார்த்தேன். நினைவகத்தின் 1047-ஆம் இடத்தில் அந்த நிலை இருக்கிறது, 64-ஐ எடுத்துவிட்டால் அணைந்துவிடும். அணைந்தது. பெயரெல்லாம் சின்ன எழுத்தானது, அய்யா முகம் சுருங்கியது. நம் லாக்கைத் தொடவே முடியாது. அவர் எண் அடிப்பது வலப்பக்கப் பலகையில், அதை அணைத்தால் 8 அடிக்கப்போய் மேல் அம்பு வரும்.

ஆன் கீ மேல் இன்னொரு குறையும் உண்டு. புரோகிராம் இன்புட் கட்டளையில் நிற்கும்போது ஷார்ட்கட்டை அமுக்கினால் அப்போது கண்டுகொள்ளாது. எண்டர் தட்டி அடுத்த கட்டளைக்குப் போனபிறகு சாவகாசமாக விழித்து தொகையைக் காட்டும். எனவே ஆன் கீயையே தூக்கிப்போட்டேன். எல்லாவற்றையும் இன்கீ வழியாகவே வாங்கினேன். அதில் கண்ட்ரோல்-டி எப்போதும் 20-தான், எந்த விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும். (டி-யின் ஸ்கேன் எண்ணும் 20-ஆக இருந்து தொலைத்தது. எந்த 20-ஐப் பார்க்கிறோம் என்று தெரியாமல் ஒரு ராத்திரி போனது.) விலை என்னவென்றால், பெயர் வாங்கும் இடத்தில் பேக்ஸ்பேஸ் முதற்கொண்டு நானே எழுதவேண்டி வந்தது, நாற்பது வரி போல. இன்றுவரை அந்த நாற்பது வரியைத் தொடவில்லை.

டர்போ சி-க்கு மாறியபோது தேறிவிட்டேன் என்று நினைத்தேன். பில் திரையில் பி அடித்தால் பிரிண்ட், எஸ் அடித்தால் சேவ், க்யூ அடித்தால் வெளியேறு. முதல் நாளே அச்சுப்பொறி தடதடவென்று கேட்காமல் பில் துப்ப ஆரம்பித்தது. அய்யா பட்டியலில் கீழே போக கீழ் அம்பை அமுக்கியிருக்கிறார். விசையை வாங்கும் கெட்ச் என்ற செயற்கூறு அம்பு விசைக்கு முதலில் 0 தரும், மறுபடி கூப்பிட்டால் ஸ்கேன் எண் தரும். நான் முதல் 0-ஐ 'தெரியாத விசை' என்று தள்ளிவிட்டேன். அடுத்த சுற்றில் வந்த 80, ஆஸ்கி என்ற எழுத்து-எண் பட்டியலில் பெரிய பி. பேஜ் டவுன் 81, அது க்யூ: புரோகிராமே மூடிக்கொள்ளும். டெலீட் 83, அது எஸ்: அழிக்க நினைத்தவரின் வரவைப் பத்திரமாகச் சேமித்துவிடும். 0 வந்தால் உடனே இன்னொரு தடவை படி என்று ஒரு வரி சேர்த்தது தவிர இதற்கு வேறு மருந்து தேவைப்படவில்லை. பின்னாளில் விண்டோஸ் கம்பைலருக்கு மாற்றிப் பார்த்தபோது அம்புகளுக்கு முதலில் 0-க்குப் பதில் 224 வந்தது. அதை கழித்தல் எண்ணும் கொள்ளும் கேர் வகை மாறியில் வாங்கியதால் கழித்தல் 32 என்று தெரிந்தது, அந்த முயற்சியை அத்தோடு விட்டேன்.

மெயின் மெனுவுக்கு கண்ட்ரோல்-எம் வைத்த கூத்தும் உண்டு. கண்ட்ரோல்-எம் என்றாலே 13, அதாவது எண்டர். கண்ட்ரோல்-ஐ டேப், கண்ட்ரோல்-எச் பேக்ஸ்பேஸ். இந்த மூன்று பக்கமும் போகாதீர்கள்.

டாஸ்பாக்ஸ் நல்ல மனுஷன், ஒரு விஷயம் தவிர. டர்போ சி-யில் கண்ட்ரோல்-எஃப் 9 என்றால் 'புரோகிராமை ஓட்டு'. டாஸ்பாக்ஸில் அதே விசை டாஸ்பாக்ஸையே கொன்றுவிடும், கேள்வி கேட்காது. சேமிக்காத திருத்தம் இரண்டு தடவை காற்றில் போனது. கண்ட்ரோல்-எஃப் 1 அமுக்கி வரும் திரையில் அந்த விசையை வேறு இடத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். வேறெதுவும் செய்யுமுன் செய்யவேண்டியது இது.

இத்தனை வருஷத்தில் எனக்கு அதிகம் உதவிய கருவி நானே எழுதிய பத்து வரிப் புரோகிராம்தான். அமுக்கிய விசையின் முதல் எண், இரண்டாம் எண் இருந்தால் அது, கூடவே 1047-ல் இருப்பது, மூன்றையும் திரையில் காட்டும். என் மேஜையில் ஓட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, புகார் சொன்னவரின் மேஜையில் ஓட்டவேண்டும். ஸ்டெபிலைசர் வாங்குமுன் இதை எழுதியிருந்தால் மாமாவுக்குப் பணம் மிச்சம்.

இப்போது அந்த நாற்காலியில் கணக்குப்பிள்ளை அய்யாவின் மருமகள் உட்கார்ந்திருக்கிறார். போன தையில் போயிருந்தேன். கண்ட்ரோல்-டி அமுக்குமுன் கேப்ஸ் லாக்கை ஒரு தட்டுத் தட்டி, விளக்கு அணைந்ததா என்று எட்டிப் பார்த்தார்.

"இப்ப அது தேவையில்லைம்மா, எரிஞ்சாலும் வரும்" என்றேன்.

"மாமா இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க" என்றார்.