மிலிட்டரி கார்டையும் 70 வயது கார்டையும் 'இணைத்துத் தருகிறேன்' என்று வருகிறவனிடம் ஏமாறாதீர்கள்

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 74. போன மாசியில் டீக்கடையில் ஒருவன் பழக்கமாகியிருக்கிறான். கையில் லேப்டாப், ரேகை வைக்கும் மெஷின், கழுத்தில் ஏதோ ஒரு அடையாள அட்டை.

"ஐயா, 70 தாண்டினவங்களுக்கு மத்திய அரசு வைத்தியத்துக்கு 5 லட்சம் தருது. உங்க மிலிட்டரி கார்டுல ஒரு 5 லட்சம். ரெண்டையும் இணைச்சுட்டா 10 லட்சம்."

ஆளுக்கு 1,500 ரூபாய். அம்மாவுக்கும் சேர்த்து 3,000 கொடுத்து, ரேகையும் வைத்து, போனில் வந்த ஓடிபியையும் வாசித்துக் காட்டியிருக்கிறார். "ஒரிஜினல் வேணும்" என்று இருவரின் மிலிட்டரி கார்டையும், அதாவது முன்னாள் ராணுவத்தினர் குடும்பத்துக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டையும், வாங்கிக்கொண்டு போனவன்தான், ஆளே இல்லை.

எனக்கு இது தெரிந்தது, அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்ட ராத்திரியில். பீரோவைக் குடைந்தால் கார்டைக் காணோம். "இணைக்கக் குடுத்திருக்கேன்டா" என்று வலியோடு முனகுகிறார். ராமநாதபுரத்தில் கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து 18,000 கட்டினேன்.

நாலாம் நாள் இ.சி.எச்.எஸ்.ஸின் மருத்துவ மையமான பாலிகிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த ஒரு பழைய சுபேதார் தலையில் அடித்துக்கொண்டார். இ.சி.எச்.எஸ்.ஸில் செலவுக்கு உச்சவரம்பே கிடையாதாம். மருந்து மாத்திரையும் உண்டு. 2024 அக்டோபரில் வந்த 70 வயதுத் திட்டமோ குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்தான், அதுவும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். இ.சி.எச்.எஸ். வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இணைப்பு என்ற பேச்சே கிடையாது. 70 வயதுத் திட்டத்தில் சேரக் கட்டணமும் இல்லை.

எனக்கு வயிறெரிந்தது இன்னொன்று. அவசரத்துக்கு இ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொன்னால் பில் தொகை கேட்டு விண்ணப்பிக்கலாமாம். ஒரு போன் போட்டிருந்தால் போதும். கார்டு இல்லையே என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சரி, போலீஸில் புகார் கொடுத்து, அதன் நகலோடு புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆதாரில் இருவரின் கைரேகையையும் பூட்டி வைத்தேன். 1947 என்ற ஆதார் உதவி எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். 70 வயதுத் திட்டம் பற்றிச் சந்தேகம் என்றால் 14555 என்ற எண்ணில் கேட்கலாம்.

அந்த ஆள் இப்போது மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. அப்பா தன் பழைய கூட்டாளிகள் நாலு பேருக்கும் அவனைக் கைகாட்டியிருக்கிறார். அவர்களிடம் கேட்க அவருக்கு இன்னும் வாய் வரவில்லை. நான்தான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.